வலிப் பங்காளி

பங்காளி என்ற சொல்லைச் சென்னையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த மகராசன் யாரோ தெரியாது. அவனுக்குப் பங்காளி என்று ஒருத்தன்கூட இருந்திருக்க மாட்டான், அது மட்டும் நிச்சயம். இருந்திருந்தால் போயும் போயும் ஒரு வைத்தியத்துக்கு அந்தப் பெயரை வைத்திருப்பானா?

தாராபுரத்துக்குத் தெற்கே மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கும் பூபதிக்கு அந்தச் சொல் ஆஸ்பத்திரியிலிருந்து கைபேசியில் வந்தது. கனிவான பெண்குரல், ஆனால் பேசியது இயந்திரந்தான். "உங்கள் முழங்கால் வலிக்கான அடுத்த கட்டச் சிகிச்சை வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. தவறாமல் உங்கள் வலிப் பங்காளியுடன் வரவும். பங்காளி இல்லாமல் சிகிச்சை இல்லை."

பூபதி அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டார். பிறகு மனைவி கோகிலாவைக் கூப்பிட்டார்.

"பங்காளியக் கூட்டிட்டு வரோணுமாமா."

"எதுக்காமா?"

"ரத்தம் ஒத்துப் போகோணுமாட்ட இருக்குது. ஒரே கொலத்து ரத்தம்."

"ஏன், நானு ஆகமாட்டனா?"

"நீ வேற கொலம். புள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு, அவளும் வேற கொலம். அப்பறம் யாரு இருக்கறா?" என்றவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். யார் இருக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நெருங்கிய ரத்தம் என்று லோகநாதன் இருக்கிறார். அந்தப் பெயரை அந்த வீட்டில் சொல்வதில்லை.

பூபதியின் இடது முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேய்ந்துபோன மூட்டுக்கு, அவருடைய செல்லையே எடுத்துக் குருத்தெலும்பு வளர்த்து வைத்துவிட்டார்கள். படம் எடுத்துப் பார்த்தால் இருபது வயசுப் பையனின் மூட்டு. வலி மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. விடிந்ததும் குடைச்சல், வரப்பில் இறங்கினால் சுருக்கென்று ஒரு குத்து, உட்கார்ந்து எழுந்தால் கடுப்பு. படம் சுத்தமாக இருக்கிறவனுக்கு வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? கோவையிலிருந்து வந்த மகள்கூட, "மனசுதான்பா காரணம்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

முதலில் நம்பியது டாக்டர் நிலோஃபர்தான். அவர் சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். பூபதியை நடக்கவிட்டார், உட்காரவைத்து எழுப்பினார், முக்காலியில் ஏறி இறங்கச் சொன்னார், கட்டைவிரலால் மூட்டைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். எத்தனை வலி என்று அவர் கேட்கவில்லை. என்ன மாதிரி வலி என்று கேட்டார். குடைச்சலுக்கும் கடுப்புக்கும் குத்துக்கும் தனித்தனியாக நேரங்காலம் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னார்:

"வலி நிஜம் சார். நீங்க பொய் சொல்லல."

அந்த ஒரு வார்த்தைக்காகப் பூபதி அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அறுபத்தைந்தைத் தாண்டிய மனுசன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

"மூட்டு சரியாப் போச்சுன்னா அப்பறம் ஏனுங்க நோவுது?"

"வீட்டுக்குத் திருடன் வந்தான்னு நாய் குரைக்குது. திருடனைப் புடிச்சுக் குடுத்தாச்சு. நாய் நிறுத்தல, அதுக்குக் குரைச்சே பழகிப்போச்சு. உங்க நரம்பு அந்த நாய்."

"அதுக்கு என்ன பண்றதுங்க?"

"ரெண்டு வழி இருக்கு. நரம்பையே செத்துப்போக வெச்சிடலாம். வலி இருக்காது. கால் இருக்கிறதும் தெரியாது."

பூபதி வெறுங்காலில் மண்ணை மிதித்து ஈரம் பார்க்கிறவர். முள் குத்தினாலும் பாம்பு தீண்டினாலும் தெரியாத ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "இன்னொரு வழி?" என்று கேட்டார். அதைச் சொல்ல வாயெடுத்த டாக்டரை அவசரம் என்று யாரோ கூப்பிட்டார்கள். "மீதிய ஃபோன்ல சொல்வாங்க சார், கண்டிப்பா வாங்க, விட்டுடாதீங்க. இதுவும் ஆகலன்னா நரம்பைத்தான் தொடணும்" என்றபடியே ஓடினார். ஃபோனில் வந்தது மேலே சொன்ன பங்காளிதான்.

லோகநாதன் பெரியப்பா மகன், பூபதிக்கு மூத்தவர். சண்டை எதற்கு என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் சிரிப்பான். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் லோகநாதனின் அப்பா பெயரை மேலேயும் பூபதியின் அப்பா பெயரைக் கீழேயும் அச்சடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுக்கே ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவது நின்றது. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் பூபதி நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி லோகநாதன் சொன்னார்: "நோவு என்ன நோவு? வேலை சொன்னா வரும், சோத்தைக் கண்டாப் போயிரும்." பந்தி சிரித்தது. பூபதி சாப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார். பத்திரிகைகூட அவருக்கு மறந்துபோகும், இது மறக்காது.

"அவன் காலடியில போயி நிக்கறதுக்கு இந்தக் காலு மரத்தே போவட்டும்" என்றார் பூபதி.

"வீம்பு பண்ணாதீங்க. காலு உங்குளுதுதான், தூக்கறது நானு" என்றாள் கோகிலா.

மறுநாள் காலையில் பூபதி போனார்.

லோகநாதன் வீட்டு வாசலில் உயரமான கிரானைட் படிகள். அவர் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தென்னைக்கு மேலே மருந்தடிக்கும் சின்ன விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூபதி பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து மற்றக் காலை இழுத்து இழுத்து ஏறினார். லோகநாதன் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட, பூபதியா? இதென்ன அதிசயமா இருக்குது. மழை வந்துருமாட்டயே!"

"ஆஸ்பத்திரியில பங்காளியக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கறாங்க."

"ஊருக்குள்ள பங்காளிக எத்தனையோ பேரு இருக்கறாங்களே."

"மூத்த பங்காளி நீங்கதானுங்களே" என்று பூபதியின் வாயிலிருந்து வந்துவிட்டது. நினைத்துச் சொன்னதல்ல.

லோகநாதனின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவர்மெண்டே பங்காளின்னு கூப்புடுதுன்னா போகாம இருக்க முடியுமா? நாளைக்குப் பேச்சாயிரும். எத்தன மணிக்கு வரோணும்?"

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஓட்டுநரில்லாப் பேருந்தில் போனார்கள். லோகநாதன் வெள்ளை வேட்டி, துண்டு, நெற்றியில் திருநீறு என்று பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். வழியில் யாரும் பேசவில்லை.

"சார் யாரு?" என்றார் டாக்டர் நிலோஃபர்.

"பங்காளிங்க."

"அது சரி சார். என்ன உறவு?"

"அதுதானுங்க உறவே. பங்காளி!"

டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ சார்! வலியில பங்கு எடுத்துக்கிறவங்கன்னு அர்த்தம். யார் வேணா வரலாம். எங்க ஊர்ல ஃப்ரெண்டைக்கூட பங்காளின்னுதான் கூப்பிடுவோம். உங்க மிஸஸே உக்காரலாம்."

பூபதிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இதற்கா அந்தப் படியேறினோம்? லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோகிலா முன்னால் வந்தாள். "அப்ப நானே உக்கார்றனுங்க."

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்கம்மா. ரெண்டு பேர் கால்லயும் பட்டை கட்டுவோம். இவர் வலி பங்காளி காலுக்குப் போகும். அந்தக் கால்ல அடி இல்ல, காயமில்ல, அதனால கொஞ்ச நேரத்துல அது பயப்படறத விட்டுடும். அந்த அமைதி இவர் காலுக்குத் திரும்பி வரும். பக்கத்து வீட்டு நாய் பேசாம படுத்துட்டா நம்ம வீட்டு நாயும் அடங்குற மாதிரி. வலி ஒரு பக்கமாத்தான் போகும். ஆனா கொஞ்சம் மிச்சம், பங்கு எடுத்தவங்ககிட்டயே தங்கிடலாம். தாங்கலன்னா உடனே இந்தப் பட்டனை அமுக்கணும்."

"அமுக்கீர்றனுங்க."

"மாட்டீங்க. அதான் பிரச்சினை. இது வந்த புதுசுல அந்த நாற்காலியில யார் உக்காந்தாங்க தெரியுமா? பொண்டாட்டிங்க, மருமகளுங்க. மாமியார் எதிர்ல உக்காந்திருக்கப்ப எந்த மருமக பட்டனை அமுக்குவா? நடந்து வந்தவங்க நொண்டிட்டுப் போனாங்க. ஒருத்தர் தோட்டத்து ஆளைக் கூட்டிட்டு வந்து, 'இவன் எங்க வீட்டுப் புள்ளை மாதிரி'ன்னார். நிஜப் புள்ளை எங்கன்னு கேட்டேன். வெளிய கார்ல இருந்தான். நான் முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

பூபதி கோகிலாவைப் பார்த்தார். விடியற்காலையில் காலைத் தூக்கித் தலையணை வைக்கிறவள் அவள்தான், குளியலறைக்குத் தோள் கொடுக்கிறவளும் அவள்தான். "இவ வேண்டாமுங்க. இவ எடுத்த பங்கே போதும்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நரம்பையே பண்ணீருங்க" என்றார்.

லோகநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"வந்தது வந்துட்டன். நானே உக்கார்றன். இவன் நடிக்கறானா நெசமான்னு இன்னைக்கே தெரிஞ்சுபோயிரும். கட்டுங்க பட்டைய."

கட்டினார்கள். இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக. டாக்டர் ஏதோ ஒரு குமிழைத் திருகினார். முதலில் லோகநாதன், "ஒண்ணையும் காணமே?" என்று இளக்காரமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது.

"அடங்கொப்பன் மவனே!"

"சார், பட்டன்" என்றார் டாக்டர்.

"இருங்க... இவ்வளவுதானா, இன்னும் இருக்குதா?"

"பாதிதான் வந்திருக்கு சார்."

லோகநாதன் பட்டனை அமுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதோடயா பூபதி என்ற வூட்டுப் படியேறி வந்தே?"

வலி பாதி இறங்கியிருந்தது, அதுகூடப் பூபதிக்கு அப்போது உறைக்கவில்லை. யார் நம்ப வேண்டும் என்று இத்தனை காலம் உள்ளுக்குள் ஏங்கினாரோ, அந்த மனுசன் நம்பிவிட்டார். "ஆமாங்கண்ணா" என்றார். அண்ணா என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது!

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் லோகநாதன் பேருந்து நிறுத்தத்துக்கு முதலாளாக வந்து நின்றார். வழிநெடுக ஊர்ப்பேச்சு, மஞ்சள் நோய், பேரன் பேத்தி. பத்திரிகையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அது அப்படியே ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பூபதியின் குடைச்சல் போனது, பிறகு கடுப்பு. ஒரு நாள் வரப்பில் இறங்கி, அந்தக் குத்து வரும் வரும் என்று பயந்து நின்றார். வரவில்லை. ஈரமண்ணில் கால் புதைய நின்றுகொண்டு, மேலே மருந்தடிக்கிற விமானத்துக்குக்கூட ஒரு கும்பிடு போட்டார். யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை, எல்லாருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒவ்வொரு வாரமும் டாக்டர் கேட்டார்: "லோகநாதன் சார், மிச்சம் ஏதாவது தங்கியிருக்கா? சொன்னாத்தான் தெரியும். வலியை அளக்க இன்னும் யாரும் மெஷின் கண்டுபிடிக்கல."

"மிச்சமா? ஒரு மண்ணும் இல்லீங்க" என்பார் அவர்.

சிகிச்சை முடிந்தது. கோகிலா விருந்துக்கு அழைத்தாள். பூபதி வாசலில் நின்று காத்திருந்தார். லோகநாதன் வண்டியை விட்டு இறங்கினார். நிலைப்படியில் கை வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை முதலில் உள்ளே வைத்து, இடது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டார். அந்த நடையைப் பூபதிக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

"எப்பத்துல இருந்துங்கண்ணா?"

"எது?"

"காலு."

"இலையப் போடச் சொல்லு, பசிக்குது."

"சொன்னாத்தான் இலை" என்று கோகிலா குறுக்கே வந்து நின்றாள்.

லோகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மொதல் வாரத்துல இருந்துதான். சொன்னா அந்தம்மா நிறுத்திப்போடும். உனக்குப் பாதியில நின்னிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "கல்யாண மண்டபத்துல அன்னைக்கு என்ற வாயி சும்மா இருந்திருக்கலாம்" என்றார்.

பூபதிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் வலியை இன்னொரு உயிர் இப்படிச் சத்தமில்லாமல் சுமக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கூடப் பிறந்தவன்கூடச் செய்வானா? விருந்து முடிந்த கையோடு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம். வரமாட்டன்னு சொன்னீங்கன்னா தூக்கிட்டுப் போயிருவன், இப்ப எனக்குக் காலு இருக்குது" என்றார்.

டாக்டர் நிலோஃபருக்குக் கோபம். "பெரிய மனுஷன் பொய் சொல்லலாமா சார்?" என்று லோகநாதனைத் திட்டிக்கொண்டே பட்டையை எடுத்தார். பூபதி இந்தத் தடவை பங்காளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யோசிச்சுக்கோங்க. உங்க பழைய வலியில கொஞ்சம் திரும்பி உங்ககிட்டயே தங்கலாம்."

"வரட்டுங்க. என்ற வலிதான."

குமிழ் திரும்பியது. முதலில் அந்தப் பழைய குடைச்சல் முழங்காலுக்குள் வந்து உட்கார்ந்தது. தெரிந்த முகந்தான், பூபதி பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. இடுப்பிலிருந்து தொடை வழியாக நெருப்பை ஊற்றியது போல ஒரு எரிச்சல். பூபதி நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா! இடுப்பெல்லாம் தீயாட்டப் பத்துதுங்க. இது என்றதில்லீங்க!"

டாக்டர் லோகநாதன் பக்கம் திரும்பினார். "பட்டைக்கு எந்த வலின்னு பிரிக்கத் தெரியாது. அந்தக் கால்ல ஓடுறத எல்லாம் கொண்டு வந்துடும். சார், இடுப்புல என்ன உங்களுக்கு?"

"அதா? அது கெடக்குதுங்க. அப்பா செத்த வருசம் டிராக்டர்ல இருந்து உழுந்தது."

பூபதிக்குப் பெரியப்பா செத்த வருடம் நன்றாக நினைவிருந்தது. அப்போது லோகநாதனுக்கு முதல் பிள்ளைகூடப் பிறக்கவில்லை.

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்லி என்னத்துக்கு ஆகுது? மனுசன்னா எங்கயாச்சும் நோகத்தான் செய்யும், எல்லாருக்கும் இப்புடித்தான்னு இருந்துட்டன்." லோகநாதன் கூரையைப் பார்த்தார். "நாம வாயத் தொறக்காம இருக்கறம், இவன் மட்டும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானேன்னுதான் எனக்கு எரிச்சலு."

கோகிலா மெதுவாக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூபதிக்குப் பந்தியில் அன்று பார்த்த லோகநாதனின் முகம் கண்முன்னே வந்தது. இந்த இடுப்போடுதான் அந்த மனுசன் அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தார், இந்த இடுப்போடுதான் வாராவாரம் பேருந்தில் வந்தார். அதற்கு மேலே தம்பியின் முழங்காலையும் வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு முழங்கால் மட்டுந்தான் பேச்சு. இடுப்புக்குத் தனியா வைத்தியம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். "கொஞ்ச நேரத்துல நானே நிறுத்திடுவேன். அதுவரைக்கும் தாங்கலன்னா பட்டனை அமுக்குங்க சார்."

பூபதி பட்டனைக் கையில் எடுத்தார். எடுத்துக் கோகிலாவிடம் கொடுத்தார். "இதை நீ வெச்சிரு" என்றார். இடுப்பு எரிந்தது. அவர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

லோகநாதனின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கைகள் மடியில் தளர்ந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரிடமிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

டாக்டர் பதறிப்போய் அவரைத் தொடப் போனார். "சார்? லோகநாதன் சார்?"

"சத்தம் போடாதீங்க டாக்டரம்மா" என்றார் பூபதி, வேர்த்து வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு. "அண்ணன் தூங்கறாரு."